பெண்ணுக்குத் தனி வழி, ஆணுக்குப் பழைய வழி

வேலூரைச் சுற்றிய வட ஆற்காட்டில் பெண்கள் சம்பாதிப்பது நேற்று தொடங்கிய பழக்கம் இல்லை. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய பாட்டிகளின் பேத்திகள் இன்றைக்கு ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரணிப் பட்டு என்றால் நெய்கிற ஆணின் பெயரைத்தான் சொல்வோம். அந்தத் தறிக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நாகநதிக்கு மறுபடி நீர் வர வேண்டும் என்று உறைகிணறுகளும் தடுப்புகளும் கட்டியதில் நூறு நாள் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பு இருக்கிறது.

ஆனால் இதே வீடுகளில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, மகளை எங்கே கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள், ராத்திரி சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டால் பாட்டி காலத்துப் பதில்தான் வருகிறது. பெண்ணின் நாள் அடியோடு மாறியிருக்கிறது. ஆணின் நாள் அவ்வளவாக மாறவில்லை. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி. வட ஆற்காடு என்று நான் சொல்வது 1989-ல் பிரிவதற்கு முந்திய பழைய மாவட்டத்தை. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கும் அதில் அடக்கம்.

பலர் சொல்லும் பதில், இது கட்டுப்பெட்டியான பகுதி, மெதுவாகத்தான் மாறும் என்பது. எனக்கு அது போதவில்லை. இங்கே மாற்றம் வேகமாகவே வந்திருக்கிறது. ஆனால் வந்த ஒவ்வொரு மாற்றமும் பெண்களுக்கென்று தனியாக ஒரு வழி போட்டு, அந்த வழியாக வந்தது. ஆணிடம் எதையும் கேட்காமல், அவன் இருந்த இடத்தில் அவனை அப்படியே விட்டுவிட்டு வந்தது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் வேலூரின் பெருமையான சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைதான். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய அப்பா மிஷனரி மருத்துவர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1890-களில் பெற்றோருடன் தங்க வந்த ஐடாவுக்குத் திண்டிவனத்தில் ஒரே இரவில் நேர்ந்த அனுபவத்தை வேலூரில் பலரும் அறிவார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஐடா அப்போது மருத்துவர் இல்லை. அப்பாவை அனுப்புகிறேன் என்றார். வேற்று ஆண் ஒருவர் தன் மனைவியைத் தொடுவதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூன்று கணவர்களை ஈரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர்கள் நடுராத்திரியில் அந்நியர் வீட்டு வாசலில் வந்து கெஞ்சியவர்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மதமும் சாதியும் வேறு வேறு, பதில் மட்டும் ஒன்று. மனைவிமேல் பிரியம் இருந்திருக்கிறது. வேற்று ஆணின் கை பட்டால் தன் மானம் போய்விடும், நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்ற பயம் அந்தப் பிரியத்தைவிடப் பெரியதாக இருந்தது. ஆணாதிக்கத்தை வெறும் கொடுமையாகப் பார்த்தால் இந்த இடம் நமக்குப் புரியாமலே போகும். அன்பான ஆண்களும் அதற்குள்தான் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

ஐடா மருத்துவம் படித்து முடித்துத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வேலையைத் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை, 1909-ல் செவிலியர் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்தக் கல்லூரியில் ஆண்கள் சேர்ந்தது 1947-ல்தான். அதாவது, பெண்ணை ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற விதியை யாரும் உடைக்கவில்லை. அந்த விதிக்குள்ளேயே பெண் மருத்துவர்களை உருவாக்கினார்கள். வேறு வழி இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆண்கள் மனம் மாறும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் எத்தனை தாய்மார் செத்திருப்பார்கள்? ஆனால் உயிரைக் காப்பாற்றிய அந்த ஏற்பாட்டில், விதியை வகுத்த கணவன்மார்கள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு வந்தவை எல்லாம் ஏறக்குறைய இதே பாதையில் வந்தவை. வேலூரிலும் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் பெண்கள் கல்லூரிகள் வந்தன. பெண்கள் மட்டும் படிக்கும் இடம் என்பதால்தான் பல வீடுகளில் மகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்தன. சுய உதவிக் குழுக்கள் வந்தன. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஷூ கம்பெனியும் அப்படித்தான். பக்கத்து மெஷினிலும் பெண், எதிர் மெஷினிலும் பெண். தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ் சாயங்காலம் அதே முனையில் இறக்கிவிடுகிறது. “கம்பெனி வண்டியிலயே போறா, கம்பெனி வண்டியிலயே வர்றா” என்று மாமனாருக்கும் மாமியாருக்கும் சொல்ல முடிகிற அந்த ஒரு உறுதிதான் ஆயிரக்கணக்கான மருமகள்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது. சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் அது.

இந்த வழிகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்றைக்கூட இழக்கக் கூடாது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 2019-ல் மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுக்க மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அப்புறம் பீடி சுற்றுகிற பெண்ணின் கணக்கு வேறு. இலை வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, நாளெல்லாம் குனிந்தே இருந்து கழுத்தும் விரலும் வலிக்கச் சம்பாதிக்கிறாள். வேலை வீட்டுக்குள் நடப்பதால், “உங்க சம்சாரம் இன்னா பண்றாங்க” என்று கேட்டால் “ஊட்லதான் சும்மா கீறா” என்று கணவர் சொல்லிவிடுகிறார். அவர் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்வதில்லை. அதுதான் வேதனை.

சரி, ஆண் ஏன் இறங்கி வருவதில்லை? சோம்பலா, திமிரா? அதுவும் உண்டு. ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. வட ஆற்காட்டின் மிகப் பழைய கதை ஒன்றுக்குள்ளேயே அது இருக்கிறது.

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகக் கிளம்பி, கூட்டத்தில் மிதந்தபடி கவுண்டன்ய நதிக்கரைக்கு வந்து, கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சி உடலில் பொருத்தப்படும். ஆணும் பெண்ணும் லட்சக்கணக்கில் கூடி, தேங்காய் உடைத்து, கண்ணீர் மல்கக் கும்பிடுவார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. பச்சை மண் குடத்தில் நீர் எடுத்து வரும் கற்புடையவள். ஒரு நாள் நீரில் தெரிந்த கந்தர்வனின் உருவத்தைப் பார்த்து ஒரு கணம் மனம் தடுமாறினாள், குடம் கரைந்தது. முனிவர் அவள் தலையை வெட்டச் சொன்னார். மகன் பரசுராமன் வெட்டினான். பிறகு வரம் வாங்கித் தாயை எழுப்பப் போனபோது தலை சண்டாளச்சி என்ற வேறு பெண்ணின் உடலோடு சேர்ந்துவிட்டது. படவேட்டில் ரேணுகாம்பாள் என்று கும்பிடுவதும் இந்தத் தாயைத்தான்.

இந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. ஜமதக்னி முதலில் பரசுராமனிடம் கேட்கவில்லை. மூத்த பிள்ளைகள் நான்கு பேரிடம் கேட்டார். அவர்கள் தாயைக் கொல்ல மனம் வராமல் நின்றார்கள். தந்தை சபித்தார், அறிவிழந்து மிருகங்களைப் போல ஆனார்கள் என்று மகாபாரதம் சொல்கிறது. வெட்டியவனுக்கு வரம், வெட்ட மறுத்தவர்களுக்குச் சாபம். அந்த நால்வரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாய் கடவுளானாள். வெட்டிய மகன் அவதாரமானான். மறுத்த மகன்களை நாம் மறந்தேபோனோம்.

என் வாதம் முழுக்க இந்த நால்வரிடம்தான் இருக்கிறது. பெண்ணைப் போற்றுவதில் இந்த ஊர்கள் குறை வைக்கவில்லை; தெருவுக்கு ஒரு அம்மன் இருக்கிறாள். சொன்னதைக் கேட்டு நடக்கும் ஆண்களுக்கும் மரியாதை உண்டு. கொடுத்த வேஷத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆணுக்கு மட்டும் இடமே இல்லை. மனைவி சம்பாதிக்கப் போக, கணவன் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் “பொண்டாட்டிதாசன்”. தெருக்குழாயில் குடத்தோடு நின்றால் டீக்கடையில் சிரிப்பு. தங்கை விரும்பியவனைக் கட்டிக்கொள்ளட்டும் என்று அண்ணன் சொன்னால், அதுவும் வேறு சாதிப் பையன் என்றால், சிரிப்போடு நிற்காது. “நீ எல்லாம் ஒரு ஆம்பளையா” என்று சொந்த பங்காளியே கேட்பான். சாதிக்கு வேலி பெண்ணின் உடல் என்று ஆகிவிட்ட ஊரில், அந்த வேலிக்குக் காவல் நிற்பதுதான் ஆணின் வேலை என்று ஆகிவிட்டது. காவலை விட்டு நகர்ந்தவனுக்குக் கிடைப்பது பழைய சாபம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மண்ணில் ஆண்களுக்குப் பாராட்டு கிடைக்கும் மேடைகள் மிகக் குறைவு. தை பிறந்தால் மாடு விடும் விழா. நெருக்கமான தெருவில் காளை எத்தனை நொடியில் ஓடுகிறது என்று பார்த்துப் பரிசு, சுற்றிலும் இளைஞர் கூட்டம், பெண்கள் மாடியில். இன்னொரு மேடை பட்டாளம். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு வீடு படைவீரர்கள். உடம்பின் அடையாளத்தில் மானத்தை வைத்துப் பார்ப்பதற்கும் வேலூரில் பழைய வரலாறு உண்டு. கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தாடியை எடு, மீசையை ஒதுக்கு, நெற்றியில் குறி வைக்காதே, புதுத் தலைப்பாகையைப் போடு என்று வெள்ளை அதிகாரிகள் போட்ட உத்தரவு. அந்த எழுச்சியின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. துணிச்சலுக்கும் சுயமரியாதைக்கும் இங்கே ஆழமான வேர் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் துணிச்சலைக் காளை முன்னாலும் எல்லையிலும் காட்டினால் ஊரே கைதட்டுகிறது. உடம்பு முடியாத அம்மாவைக் குளிப்பாட்டுகிற மகனுக்கு யாரும் கைதட்டுவதில்லை. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் கணவன் எல்லையில் இருக்கும்போது நிலம், கடன், பிள்ளை படிப்பு, மாமியார் வைத்தியம் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியவர்கள் பெண்கள். அந்த வேலைக்குப் பதக்கம் இல்லை.

இதற்கு ஆண்கள் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. சம்பாதிப்பதும் அதிகாரம் செய்வதும்தான் ஆண் என்று வளர்த்துவிட்டு, வேலை போய்விட்டால் அவனிடம் என்ன மிஞ்சும்? இந்தியாவில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் ஆண்கள். “ஆம்பளப் புள்ள அழலாமா” என்று அடக்கி வளர்த்த அழுகை டாஸ்மாக்கில் போய் முடிகிறது, அல்லது கை ஓங்குவதில் முடிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். படித்த மாநிலம், பெண்கள் வேலைக்குப் போகும் மாநிலம், இந்த எண். மனைவியின் சம்பளம் அவளைத் தானாகக் காப்பாற்றிவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது தவறு. சம்பளம் குறைந்த கணவனின் பார்வையில் அவள் சம்பளமே அவனுக்கு அவமானமாகிவிடுகிற வீடுகள் உண்டு.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆணுக்குச் செய்வது சிறிய சிகிச்சை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். நாடெங்கும் இருந்து நோயாளிகள் வந்து குவியும் மருத்துவ நகரம் வேலூர். இங்கேயும் “மூட்டை தூக்க முடியாது”, “அப்புறம் நான் ஆம்பளையே இல்ல” என்ற பயம்தான் ஜெயிக்கிறது. அந்த பயத்தோடு உட்கார்ந்து பேச யாரும் நேரம் ஒதுக்கவில்லை. பிரசவ வார்டிலேயே அவளுக்குச் செய்துவிடுவது சுலபமாகிவிட்டது.

சொத்து விஷயத்திலும் இதேதான். தமிழ்நாடு 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பிலேயே வரும் உரிமை என்று உறுதி செய்தது. சட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு முறை போய் நின்று பாருங்கள். அப்பா இறந்த சில மாதங்களில் அண்ணன் தம்பிகளோடு வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் அக்கா தங்கைகளைப் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் சீரும்தான் அவள் பங்கு என்று கணக்கு முடிந்துவிடும். கேட்டால் தாய்வீட்டு வாசல் மூடிவிடும், பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வர மாட்டான் என்ற பயம் அவளுக்கு. “உனக்குப் பங்கு வேணாமா அக்கா” என்று தானாகக் கேட்கும் தம்பி நூறில் ஒருவன் இருக்கலாம். அந்த ஒருவனை அவன் மனைவி வீட்டாரே ஏமாளி என்பார்கள்.

நிலம் அவன் பெயரில் இருக்க, கடன் மட்டும் அவள் பெயரில் வருவது இப்போதைய புதுமை. குழுக் கடன் பெண்களுக்குத்தான் கிடைக்கும். கணவனின் ஆட்டோவுக்கும் மைத்துனனின் கடைக்கும் அவள் கையெழுத்துப் போடுகிறாள். வாரத் தவணை தவறினால் வாசலில் வந்து உட்காருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவளும் அவள்தான். வட ஆற்காட்டுக் கிராமங்களில் துரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரிதல் இரவன்று, பெண் வேஷம் கட்டிய கலைஞர் சபையைப் பார்த்துக் கேட்பார்: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஆண்களும் அந்த இடத்தில் கண் கலங்குவார்கள். கூத்து முடிந்து வீட்டுக்குப் போனதும் தன் மனைவியின் குழுப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்படியானால் எதுவும் நகரவில்லையா? நகர்கிறது. இரண்டு பேரும் ஷூ கம்பெனிக்குப் போகும் இளம் தம்பதிகள் வீட்டில், மாமியார் இல்லாத வாடகை வீடு என்றால், கணவன் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கிறான். பார்க்கிற கண்கள் குறைந்தால் ஆண் மாறுகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே கணவன் பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போனால் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டான். ஆக, ஊர்க் கண்களின் பாரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒருவனுக்குத் தனியாக அது முடியாது. சட்டமும் நிர்வாகமும் ஆணை வீட்டுக்குள் கூப்பிட்டால், “ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டாவது அவன் உள்ளே போவான். மாமனார் மாமியாருக்குக் கம்பெனி பஸ் கொடுத்த அதே சாக்கு ஆணுக்கும் வேண்டும்.

இப்போதைய சட்டங்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. தமிழ்நாடு அரசு 2021-ல் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது, நல்ல முடிவு. மத்திய அரசு ஆண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு. தனியார் கம்பெனி அப்பாவுக்கு அந்த 15 நாளைக் கட்டாயமாக்கும் சட்டம்கூட இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆண்கள் மட்டுமே நிறைந்த ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) எத்தனை நூறு அப்பாக்கள் இருந்தாலும் அந்தச் சட்டப்படி அங்கே குழந்தை என்ற பேச்சே எழ இடமில்லாமல் இருந்தது. 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம் கொஞ்சம் முன்னேறியது. ஆணோ பெண்ணோ, 50 ஊழியர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கும் அனுமதியைத் தாய்க்கு மட்டும் கொடுத்தது.

ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் பெரிய காலணித் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே வேலை கிடைக்கும். அவர்களுடைய கணவன்மாரில் பலர் அதே சிப்காட்டில் வேறு கம்பெனிகளுக்குப் போவார்கள். அந்த நான்கு முறையில் இரண்டை அப்பாவுக்கும் எழுதிக் கொடுங்கள் என்று ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கும் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்கலாம். சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கம்பெனி ஒப்பந்தத்திலேயே சேர்க்க முடியும். சங்கக் கூட்டத்தில் ஓர் ஆண் எழுந்து அதைக் கேட்கட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால், அடுத்த வாரம் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு வந்து மறுபடி கேட்கட்டும்.